31ஆம் எண் வீட்டுக்காரர் புதன்கிழமை வருவார்

கரும்பலகையை வாங்கி வந்தது நான். அதில் வெள்ளைப் பெயிண்டில் கோடு போட்டதும் நான்தான். மூன்று கட்டங்கள்: வீட்டு எண், புறப்படும் நாள், திரும்பும் நாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் மற்றவர்கள் மேல் கோபப்படும்போது, இவன் மட்டும் யோக்கியன் போலப் பேசுகிறானே என்று யாரும் நினைக்கக் கூடாது.

எண்பதுகளின் தொடக்கம். நாள் தவறாமல் டைரி எழுதுகிறவன் என்பதால் ஆண்டையும் தேதியையும் என்னால் துல்லியமாகத் தர முடியும். தந்தால் அந்தக் காலனியையும் அதில் இருந்தவர்களையும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே கிழமைகளை மட்டும் தருகிறேன். கிழமைகள் சரியானவை.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் வழியில், எங்கள் தொழிற்சாலை ஊழியர்களுக்காகக் கட்டிய நாற்பத்தெட்டு வீடுகள் அவை. மூன்று பக்கம் நெல் வயல், ஒரு பக்கம் சாலை. சுற்றிலும் ஆறடிச் சுவர், ஒரே ஒரு கேட். கேட்டுக்கு நேர் எதிரே பஸ் நிற்குமிடம். வீடுகள் கம்பெனியுடையவை, காவல் ஏற்பாடு மட்டும் குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பு. சங்கத்தின் செயலாளர் மெஷின் ஷாப்பில் மேனேஜர். நான் பிளானிங் பிரிவில் எழுத்தர். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் என்னை இணைச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள். வேறொன்றுமில்லை, கூட்டம் நடந்தால் மினிட்ஸ் எழுத வேண்டும்.

அந்த ஆண்டு சித்திரையில் ஒரு சைக்கிளும், ஒரு வீட்டின் கொல்லையில் கவிழ்த்து வைத்திருந்த பித்தளை அண்டாவும் காணாமல் போயின. காலனியே நடுங்கியது. அவசரக் கூட்டம் போட்டோம். சுவர் மேல் கண்ணாடிச் சில்லு பதிக்க வேண்டும் என்றார் ஒருவர். வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் திரும்பிப் போகும்போது கேட்டில் பையைத் திறந்து காட்ட வேண்டும் என்றார் இன்னொருவர். இரண்டும் நிறைவேறின. சுவருக்கு அந்தப் பக்கம் வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்க்க, எங்கள் ஆட்கள் சிமெண்டில் சில்லுகளை நட்டார்கள். அந்த வயலெல்லாம் யாருடையது, அந்தக் காலனி நிற்கிற இடம் முன்பு யாருடையது என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. நாங்கள்தான் பாதுகாக்கப்பட வேண்டியவர்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

போர்டு என் யோசனை. அதுவரை வெளியூர் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். அது எனக்கு ஒழுங்கற்ற வழக்கமாகப் பட்டது. தொழிற்சாலையில் எங்களுக்கு எல்லாமே போர்டுதான். எந்த மெஷின் பழுது, எந்த லைனில் எத்தனை ஆள் குறைவு, எப்போது சரியாகும் என்று ஷாப் வாசலிலேயே எழுதி மாட்டியிருக்கும். ஷிஃப்ட்டுக்கு வருகிறவன் யாரையும் கேட்க வேண்டியதில்லை. படித்துக்கொண்டே உள்ளே போய்விடலாம். அதே மாதிரி பூட்டியிருக்கும் வீடுகளைக் கேட்டில் எழுதி வைத்தால், எந்த வாட்ச்மேன் வந்தாலும் எந்த வீட்டில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும் என்று தெரியும் என்றேன். கை தட்டினார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

பகல் ஷிஃப்ட் வாட்ச்மேன் பிள்ளைப்பாக்கத்துக்காரர். நாற்பது வயதைத் தாண்டியவர். தம்பியிடம் பயிர் வேலையை விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்திருந்தார். தமிழ் நன்றாக எழுதப் படிக்கத் தெரியும். போர்டைக் கேட் தூணில் மாட்டும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான்.

“சார், இத்த வாட்ச்மேன் ரூமுக்கு உள்ளாற மாட்டிக்கலாமே. பஸ்ஸுக்கு நிக்கறவன்லாம் பட்சிகினு கீறான்.”

செயலாளர் பக்கத்தில் நின்றார். “படிக்கட்டுமே. படிக்கத் தெரிஞ்சவன் திருட வரமாட்டான்யா” என்று சிரித்தார்.

“படிக்கத் தெரியாதவன்தான் திருட வருவான்னா, அவனுக்கு நம்ம போர்டு எதுக்கு சார்?”

“போர்டு திருடனுக்கு இல்ல, உங்களுக்கு. மூணு ஷிஃப்ட் ஆளும் பார்க்கணும்ல?” என்றேன் நான்.

“மூணு பேரும் ஒரே பீடிய மாத்தி மாத்தி இஸ்துகினு கீறோம். வாயால சொல்லிக்க மாட்டமா?”

செயலாளர் முகம் மாறியது. போர்டு உள்ளே இருந்தால், தினமும் எழுதுகிறார்களா இல்லையா என்று உறுப்பினர்களுக்குத் தெரியாது. வெளியே இருந்தால்தான் பொறுப்பு வரும் என்றார். தொழிற்சாலையில் இதற்கு மறுபேச்சு கிடையாது. வாட்ச்மேன் ஏணியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த மாதம் இன்னொரு சிக்கல். ஒரு வீட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது, கதவைச் செப்பனிட ஒரு தச்சரிடம் சாவி கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தச்சர் வந்தபோது வாட்ச்மேன் போர்டைப் பார்த்தார். வீடு பூட்டியிருக்கிறது, ஆள் இல்லை, உள்ளே விட முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஊரிலிருந்து வந்த வீட்டுக்காரர் கத்தினார். வாட்ச்மேனுக்கு மெமோ கொடுத்தோம். இனி இப்படி நடக்காமலிருக்க ஒரு விதி வேண்டும் என்று செயலாளர் சொன்னார்: பூட்டிய வீட்டுக்கு வேலை செய்ய வருகிறவனிடம், வீட்டுக்காரர் என்றைக்குத் திரும்பி வருகிறார் என்று கேட்க வேண்டும். சரியாகச் சொன்னால் அவன் வீட்டுக்காரர் அனுப்பிய ஆள், உள்ளே விடலாம். தவறாகச் சொன்னால் விரட்ட வேண்டும்.

நல்ல விதி என்று அத்தனை பேரும் தலையாட்டினார்கள். கூட்டத்தில் பொறியாளர்கள் பதினோரு பேர் இருந்தார்கள். ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்கும் உறைக்கவில்லை. மினிட்ஸ் நோட்டில் பக்க எண் போடும் வழக்கம் எனக்கு உண்டு. போர்டு வைக்கும் தீர்மானம் 63ஆம் பக்கம், இந்த விதி 64ஆம் பக்கம். ஒரே தாளின் இரண்டு புறம். இரண்டையும் நானே எழுதினேன். தாளைத் திருப்பிய கை என் கைதான்.

ஆடிக் கிருத்திகை அந்த ஆண்டு திங்கட்கிழமை வந்தது. வல்லக்கோட்டை முருகன் கோவிலுக்குப் போகக் கம்பெனி பஸ் விட்டது. காலனியில் பாதிக்கு மேல் காலையிலேயே கிளம்பிவிட்டோம். 31ஆம் எண் வீட்டுக்காரர், கொள்முதல் பிரிவில் அதிகாரி, மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்று வெள்ளிக்கிழமையே குடும்பத்தோடு தஞ்சாவூர் போயிருந்தார். போர்டில் என் எழுத்தில் இருந்தது: 31, வெள்ளி, புதன்.

கோவிலிலிருந்து ஐந்து மணிக்குத் திரும்பினோம். கேட்டில் வாட்ச்மேன் நெற்றியை நீட்டினார். என் மனைவி விபூதியை அவர் கையில் கொட்டினாள்.

“31க்கு வெள்ளையடிக்க ரெண்டு பேரு வந்தானுங்க சார். முட்சிட்டுப் போய்ட்டானுங்க.”

“சரி.”

“ரெண்டு மணி நேரத்துல இன்னாத்த அடிச்சானுங்களோ. போறப்ப மேல ஒரு சொட்டு சுண்ணாம்பு இல்ல.”

“கம்பெனி வேலை அப்படித்தான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். என் டைரியில் அன்றைக்குக் கோவில் கூட்டத்தைப் பற்றி முக்கால் பக்கம் இருக்கிறது. இந்தப் பேச்சு இல்லை. புதன்கிழமை இரவுதான் ஓரத்தில் எழுதிச் சேர்த்தேன்.

புதன்கிழமை காலை 31ஆம் எண் வீட்டுக்காரர் வந்து கதவைத் திறந்தார். பின்கதவுத் தாழ்ப்பாள் பெயர்ந்து கிடந்தது. பீரோ நெம்பப்பட்டிருந்தது. நகைகள், வெள்ளிப் பாத்திரங்கள், டேப் ரெக்கார்டர் எதுவும் இல்லை. கூடத்தின் நடுவில் ஒரு வாளி. அதில் காய்ந்த சுண்ணாம்பு. சுவரில் ஒரு கோடு கூட இழுக்கவில்லை. அவருடைய மனைவி அந்த வாளியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். வாட்ச்மேன் எதையும் விடவில்லை. உள்ளே வந்த நேரம் ஒன்று ஐம்பது. வெளியே போன நேரம் நாலு பத்து. இரண்டு பெயர்கள், பொய்ப் பெயர்களாகத்தான் இருக்கும். ‘சாவி காட்டினார்கள். திரும்பும் நாள் கேட்டேன். புதன் என்றார்கள்.’ எதிரே பஸ் நிற்குமிடத்தில் நின்று, எங்கள் போர்டைப் படித்து, சாலையைக் கடந்து வந்து, எங்கள் கேள்விக்கு எங்கள் பதிலையே சொல்லியிருக்கிறார்கள். ஏதோ ஒரு சாவி போதுமானதாக இருந்திருக்கிறது. வரலாற்றுப் புத்தகங்களை விரும்பிப் படிப்பவன் நான். கோட்டைகளைப் பிடித்த கதைகள் எவ்வளவோ படித்திருக்கிறேன். இத்தனை சுலபமாக விழுந்த கோட்டை எதுவும் நினைவுக்கு வரவில்லை.

போலீஸ் வருவதற்குள் செயலாளர் ஈரத்துணியால் போர்டைத் துடைத்தார். நான் பக்கத்தில் நின்றேன். “எதுக்கு சார் துடைக்கிறீங்க?” என்று கேட்டேன். “சுத்தமா இருக்கட்டும்” என்றார்.

இரண்டு கான்ஸ்டபிள்கள் வந்தார்கள். செயலாளர் அவர்களிடம் சொன்னது இது: “வாட்ச்மேன் லோக்கல் ஆளு. எந்த வீடு காலின்னு அவனுக்குத்தான் தெரியும்.” அவ்வளவுதான். தொப்பியைக் கழற்றி வைக்கச் சொல்லி, அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். பதிவேட்டையும் எடுத்துக்கொண்டார்கள். வேலைக்கு வந்த பெண்கள் கேட்டில் பைகளோடு நின்று பார்த்தார்கள். அவர்களைப் பையைத் திறந்து காட்டச் சொன்னதில் எவ்வளவு நியாயம் இருந்தது என்று அன்று சில வீடுகளில் பேசிக்கொண்டதாக என் மனைவி வந்து சொன்னாள்.

வியாழக்கிழமை காலை வாட்ச்மேனின் மனைவி வந்தார். தற்காலிகமாகக் காவலுக்கு நிறுத்தியிருந்த புது ஆள் அவரைக் கேட்டைத் தாண்ட விடவில்லை. நான் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பியவன் அங்கேயே மாட்டிக்கொண்டேன்.

“போர்டு எழுதற சார் நீதானே?”

“ஆமாம்மா.”

“நேத்திலேர்ந்து வூட்டுக்கு வுடல. நீ வந்து ஒரு வார்த்த சொன்னா வுட்டுடுவாங்கன்னு சொல்ல சொன்னாரு.”

“செயலாளர்கிட்ட கேட்டுட்டு...”

“அவுருகிட்ட கேக்கணும்னா அவுருகிட்டயே போயிருப்பேனே.”

அன்று மாலை செயலாளரே என் வீட்டுக்கு வந்தார். காபி வேண்டாம் என்றார். 64ஆம் பக்கத்தில் ‘திரும்பும் நாளைக் கேட்டு’ என்று இருப்பதை ‘எழுத்து மூலம் அனுமதி பெற்று’ என்று மாற்றி எழுதித் தர வேண்டுமாம்.

“அந்தத் தாளைக் கிழிச்சிட்டு வேற தாள்ல எழுதிடுங்க.”

“பக்கத்துக்கு நம்பர் போட்டிருக்கேன் சார்.”

“நம்பரை யாரு பார்க்கப் போறா?”

“நான்.”

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, எனக்கு வர வேண்டிய பதவி உயர்வைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசினார். அதில் மிரட்டல் என்று எடுத்துக்காட்டக்கூடிய சொல் ஒன்று கூட இல்லை.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, மினிட்ஸ் நோட்டைத் துணிப்பையில் வைத்து ஸ்டேஷனுக்குப் போனேன். வாட்ச்மேன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காக்கிச் சட்டை கசங்கியிருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் 63ஆம் பக்கத்தைப் படித்தார். தாளைத் திருப்பி 64ஐப் படித்தார். மறுபடி 63க்கு வந்தார்.

“அப்போ கேள்வியையும் நீங்களே வெச்சு, பதிலையும் வாசல்ல எழுதி மாட்டியிருக்கீங்க.”

“ஆமாம் சார்.”

“எத்தனை பேர் கையெழுத்து போட்டிருக்கீங்க? எல்லாரும் படிச்சவங்களா?”

பெஞ்சிலிருந்து வாட்ச்மேன் சொன்னார்: “பெரிய பெரிய படிப்பு சார்.”

மதியத்துக்குள் அவரை அனுப்பிவிட்டார்கள். “நோட்டைப் பத்திரமா வெச்சுக்குங்க. இவருக்குத் தேவைப்படும்” என்று சப்-இன்ஸ்பெக்டர் என்னிடம் சொன்னார். இந்த வாக்கியத்தை அன்றே டைரியில் எழுதியிருக்கிறேன். எழுதியும் புத்தியில் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். இனி வாட்ச்மேனுக்கு மிஞ்சியிருந்தது வேலை ஒன்றுதான். போலீஸ் விட்டுவிட்டது என்பதால் வேலையும் நிலைக்கும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். செயலாளர் ‘அஜாக்கிரதை’ என்ற சொல்லை எடுத்தார். சதி என்பதுபோல் புதன்கிழமை சொன்னவர் அதை அப்படியே கீழே வைத்துவிட்டு இதை எடுத்துக்கொண்டார். 31ஆம் எண் வீட்டுக்காரர், “எனக்குப் போனது போனதுதான். யாராவது பொறுப்பேற்கணும் இல்லையா?” என்றார். யாராவது என்றபோது வாசலைப் பார்த்தார். வாட்ச்மேன் அங்கே நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

“ரெண்டு பேர் புதுசா வர்றான். உனக்கு ஒரு சந்தேகம் கூடவா வரல?” என்று ஒருவர் கேட்டார்.

“சந்தேகம் வந்து தச்சரைத் திருப்பினதுக்குத்தான் சார் மெமோ குடுத்தீங்க. மடிச்சி வெச்சிகினு கீறேன். காட்டட்டுமா?”

செயலாளர், “பணிநீக்கத்துக்கு ஆதரவா இருக்கறவங்க” என்றார். கைகள் உயர்ந்தன. சில கைகள் முழங்கை வரை மட்டும் உயர்ந்தன, அவையும் எண்ணப்பட்டன. எதிர்த்தவர்கள் நானும் ஒரு ஃபோர்மேனும். அந்தத் தீர்மானத்தை எழுதச் சொல்லி என்னைப் பார்த்தார்கள்.

எழுந்து, “இனிமே நீங்களே எழுதிக்குங்க” என்று சொல்லி, நோட்டை மேஜை மேல் வீசினேன். பேனாவைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு வெளியேறினேன். வாசலில் வாட்ச்மேன் ஒதுங்கி வழிவிட்டார். வீட்டுக்கு வந்து டைரியில் ஐந்து பக்கம் எழுதினேன். என் வாழ்க்கையில் நான் செய்த நேர்மையான காரியம் என்று அன்று அதை நினைத்தேன். மனைவி, “நல்லா கேட்டீங்க” என்றாள். இரண்டு நாள் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தேன்.

ஐப்பசியில் வாட்ச்மேன் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தார். விசாரணை ஒரு செவ்வாய்க்கிழமை. சாட்சி சொல்ல நான் வருவதாக ஒப்புக்கொண்டேன். முந்தின சனிக்கிழமை புது இணைச் செயலாளரிடம் போய் மினிட்ஸ் நோட்டைக் கேட்டேன். மறுக்காமல் எடுத்துக் கொடுத்தார். அவர் அப்படித் தயங்காமல் கொடுத்ததிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். 62ஆம் பக்கத்துக்கு அடுத்தது 65. தாளைக் கிழிக்கவில்லை, பிளேடால் தையலோரமாகச் சீவி எடுத்திருந்தார்கள். சுத்தமான வேலை.

“இதுல ஒரு தாள் இல்லையே” என்றேன்.

“அப்படியா? நீங்க ஒப்படைச்சபடிதான் இருக்கு” என்றார் அவர்.

ஒப்படைத்தேன் என்பதற்கு மட்டும் நாற்பது பேர் சாட்சி. எப்படி ஒப்படைத்தேன் என்பதையும் எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

விசாரணையில் சங்கத்தின் சார்பாகச் செயலாளர் வந்தார். விதிப்படி எழுத்து மூலம் அனுமதி கேட்டிருக்க வேண்டும் என்றார். அப்படி ஒரு விதியே இல்லை என்றேன் நான். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். உங்களிடம் ஆவணம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது என்றேன். சங்கத்தோடு சண்டை போட்டுக்கொண்டு விலகியவர்தானே நீங்கள் என்று செயலாளர் கேட்டார். ஆமாம் என்றேன். நோட்டைப் படித்த சப்-இன்ஸ்பெக்டர் அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார். மிஞ்சியது, போலீஸ் திருப்பிக் கொடுத்திருந்த வருகைப் பதிவேடு. அதில் வாட்ச்மேனே தன் கையால் எழுதியிருந்தார்: திரும்பும் நாள் கேட்டேன், புதன் என்றார்கள். விதி இருந்த தாள் இல்லாமல் படித்தால், வாய்ச் சொல்லை நம்பி இரண்டு திருடர்களை உள்ளே விட்ட ஒருவனின் ஒப்புதல் வாக்குமூலம் அது. மனு தள்ளுபடி ஆனது.

வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். செயலாளரைத் திட்டினேன். 31ஐத் திட்டினேன். கை தூக்கியவர்களைப் பெயர் பெயராகச் சொல்லித் திட்டினேன். வாட்ச்மேன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

“அன்னிக்கு நோட்ட ஏன் சார் அங்கயே வுட்டுட்டு வந்தே?”

“கோவம்.”

“கோவம் சரி. நோட்ட எடுத்துகினு கோவப்பட்டிருக்கலாமே.”

அவர் குரலில் குத்தல் இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

“செங்கல் சூளைல சொல்லி வெச்சிகீறேன். பாக்கலாம்” என்றார் பிறகு.

நாற்பத்தெட்டு வீட்டுக்காரர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை. திருடர்கள் மேல் கூட அவ்வளவு கோபம் இல்லை. அவர்கள் எழுதியிருந்ததைப் படித்தார்கள், அவ்வளவே. ஆனால் அன்றைக்கு வீசிய நோட்டு மேஜையில் விழுந்த சத்தம் எனக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்பதை நினைக்கும்போது, மற்ற கோபம் எல்லாம் அதற்குப் பின்னால்தான் வருகிறது.

பஸ் வந்தது. ஏறினோம். அவர் முன்பக்கம் போய் நின்றுகொண்டார். காலனி ஸ்டாப்பில் நான் இறங்கினேன். பிள்ளைப்பாக்கத்துக்கு வரப்பு வழியாகப் போக அவரும் அங்கேதான் இறங்க வேண்டும். இறங்கவில்லை. அடுத்த ஸ்டாப் வரை போய்த் திரும்பி நடந்திருப்பார்.